ஒதுக்கப்பட்டது இடமா, நாங்களா?

மட்டக்களப்பு நகரத்துக்கு வந்து பஸ்ஸோ கோச்சியோ பிடிக்கிறவர்களுக்கு ஒரு பலகை நல்ல பழக்கம். ‘உத்தியோகத்தர் வாகனங்களுக்கு மட்டும்.’ சில இடத்தில் அது மூன்று மொழியில் பெயின்ற் அடித்து நிற்கும். சில இடத்தில் பலகையே இல்லை. ரெண்டு கல்லும் ஒரு நைலோன் கயிறும்தான். அர்த்தம் ஒன்றுதான்: இஞ்ச நீ விடேலாது.

கயிற்றுக்கு அங்கால் பாதி இடம் காலை ஏழு மணிக்கும் வெறுமை, பகல் பன்னிரண்டுக்கும் வெறுமை. கயிற்றுக்கு இங்கால் மோட்டார் சைக்கிள்கள் ஹேண்டிலோடு ஹேண்டில் கொழுவிக்கொண்டு, மதிலோரம், காணோரம், மரத்தடி என்று நெருக்கி நிற்கும். கடைசியாக வந்தவர் ரோட்டோரத்தில் விட்டிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். பின்னேரம் வந்து பார்த்தால் பைக் இல்லை. களவு போயிட்டுதோ என்று நெஞ்சு பதறும். பக்கத்துக் கடைக்காரர்தான் சொல்லுவார்: “லொறியில ஏத்திக்கொண்டு போயிட்டாங்க தம்பி, போய்க் கேட்டுப் பாருங்க.”

இதை எழுதுகிற எங்களில் பலர் அந்த லொறிக்குப் பின்னால் அலைந்தவர்கள்தான். எங்கே கொண்டு போனார்கள் என்று கேட்டு ஒரு கந்தோர், அங்கிருந்து இன்னொரு கந்தோர், புத்தகம் எங்கே, லைசன்ஸ் எங்கே, நாளைக்கு வா. ஒரு நாள் சம்பளம் போய்விடும். கட்டின தண்டத்துக்குச் சில வேளை பற்றுச்சீட்டுக் கிடைக்கும், சில வேளை கிடைக்காது. கண்ணாடி உடைந்திருந்தால் அது எங்களுடைய விதி.

இதை ‘நகர ஒழுங்கு’ என்று சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. பைக்கை நகரத்தில் விட்டிட்டு பொதுப் போக்குவரத்தில் ஏறுகிற ஒருவருக்கு விட இடம் கொடுக்காமல், விட்ட இடத்தில் வந்து தூக்கிக்கொண்டு போவது பஸ்ஸில் போனதற்குப் போடுகிற தண்டம். இந்த ஒரு விசயத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறோம்.

பைக் இல்லாமல் பஸ் இல்லை

“அப்ப பைக்கை வீட்டில வச்சிட்டு வாங்களன்” என்று சொல்லுகிறவர்கள் எங்கள் ஊரின் கிடப்பைப் பார்க்காதவர்கள். வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீளமாகக் கிடக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. கல்முனைப் பக்கம் போகிற ஏ4, திருகோணமலைப் பக்கம் போகிற ஏ15 என்ற பெரிய ரோட்டுகள் கடற்கரைப் பக்கமாகத்தான் ஓடுகின்றன. பஸ் அடிக்கடி கிடைப்பதும் அங்கேதான். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு என்று உள்ளே போகப் போக பஸ் குறைந்துகொண்டே வரும். பின்னேரத்துக் கடைசி பஸ்ஸைத் தவற விட்டால் யாரையாவது கெஞ்சித்தான் வீடு போய்ச் சேர வேணும்.

அதனால்தான் படுவான்கரையில் ஒரு ஆசிரியை, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு அண்ணன், புடவைக்கடையில் நிற்கிற ஒரு தங்கச்சி, வந்தாறுமூலைக் கம்பசுக்குப் போகிற ஒரு பிள்ளை எல்லோரும் ஒரே மாதிரித்தான் பயணம் செய்கிறார்கள். வீட்டிலிருந்து பைக். வலையிறவுப் பாலத்தையோ மண்முனைப் பாலத்தையோ தாண்டி, பஸ் வருகிற ரோட்டுக்கு வந்து, பைக்கை எங்கேயாவது விட்டிட்டு பஸ். கொழும்புக்குப் போகிறவர் ஸ்டேசனுக்குக் கிட்ட விட்டிட்டு உதயதேவியிலோ மீனகயாவிலோ ஏறுவார். ரெண்டு நாள் கழித்துத்தான் வந்து எடுப்பார்.

இதில் பைக் ஆடம்பரம் இல்லை. பஸ் வராத தூரத்துக்கு நாங்களே போட்டுக்கொண்ட பஸ்தான் பைக். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையின் பாதியை எங்கள் காசில், எங்கள் பெற்றோலில் நாங்கள் செய்கிறோம்.

2014 வரைக்கும் மண்முனையில் பாலம் கிடையாது, பாதைதான். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. அதற்கு ஒரு வருசம் முதல், 2013இல், கல்லடியில் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் புதுப்பாலம் வந்தது. ரெண்டு பாலத்துக்கும் ஜப்பான் உதவி செய்தது. திறப்பு விழாவுக்கு ஜனாதிபதியே வந்தார். நல்ல விசயம், யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குள் வருகிற இத்தனை பைக்கும் எங்கே நிற்கும் என்ற கேள்வி மட்டும் யாருடைய திட்டத்திலும் இல்லை. பாலம் கட்டுவது அபிவிருத்தி, தரிப்பிடம் கட்டுவது எவனோ ஒருவனின் வேலை என்று விட்டுவிட்டார்கள்.

2024இல் மாவட்டச் செயலகமும் கோட்டையிலிருந்து திராய்மடுவுக்குப் போனது. பெரிய, வசதியான புதுக் கட்டடம். ஆனால் முந்தி பஸ்ஸால் இறங்கி நடந்து போய் முடித்த அலுவலுக்கு இப்போது இன்னொரு பயணம் தேவைப்படுகிறது. கந்தோர் தூரமாகப் போகப் போக பைக்கின் தேவை கூடும். பைக்கின் தேவை கூடக் கூட லொறியும் கூடுதலாக வரும். இதில் எந்த முடிவை நாங்கள் எடுத்தோம்?

ஒரு ஜீப் நிற்கிற இடம்

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு கார் அல்லது ஜீப் நிற்க ஏறக்குறைய இரண்டரை மீற்றர் அகலமும் ஐந்து மீற்றர் நீளமும் வேணும். அதே இடத்தில் மோட்டார் சைக்கிள் குறைந்தது ஐந்து நிற்கும். சைக்கிள் என்றால் இன்னும் கூட. அப்படியென்றால் பத்து ஜீப்புக்கு என்று கயிறு கட்டின இடம் ஐம்பது பயணிகளின் இடம். அந்தப் பத்தில் ஐந்து ஜீப்தான் வருகிறது என்றால், இருபத்தைந்து பேரின் இடம் வெயிலுக்குக் காய்கிறது. அந்த இருபத்தைந்து பேரின் பைக்தான் ரோட்டில் நிற்கிறது. அதைத்தான் ‘இடைஞ்சல்’ என்று எழுதி லொறியில் ஏற்றுகிறார்கள். இடைஞ்சலை உண்டாக்கினது கயிறு, தண்டம் கட்டுவது பைக்காரன்.

அந்தப் பைக்கின் விலையையும் கொஞ்சம் யோசியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருசம் இருந்த பைக்கைத்தான் தட்டிக் கொட்டி ஓடினோம். லீசிங்கில் எடுத்தவர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். லொறியில் தூக்கிப் போட்டு வளைந்த மட்கார்ட் உங்களுக்கு ஒரு மட்கார்ட். எங்களுக்கு அது ஒரு மாதத்துச் சீட்டுக்காசு.

2022 ஞாபகம் இருக்கா? ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடினாலும் வாரத்துக்கு 200 கிலோமீற்றர். தினமும் 50 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு நாலு நாளில் முடிந்தது. அந்த நேரம் எல்லோரும் என்ன செய்தார்கள்? கிட்டின சந்தி வரைக்கும் பைக், அங்கிருந்து பஸ். யாரும் பிரசங்கம் பண்ணவில்லை, யாரும் திட்டம் போடவில்லை. சனமே கண்டுபிடித்த வழி அது. எரிபொருளும் மிச்சம், ரோட்டில் நெரிசலும் குறைவு. இப்படிப் பயணம் செய்கிறவனை ஒரு நாடு கையெடுத்துக் கும்பிட வேணும். இங்கே அவனுடைய பைக்கைத் தூக்குகிறார்கள். ரெண்டு தரம் தூக்கினால் மூன்றாம் தரம் அவன் பஸ்ஸை விட்டிட்டு வேலை இடம் வரைக்கும் பைக்கிலேயே போவான். அங்கே காவலாளி இருப்பான், லொறி வராது. பஸ்ஸுக்கு ஒரு சீட்டுக் குறையும், ரோட்டுக்கு ஒரு பைக் கூடும்.

இந்தக் கயிறு எங்கிருந்து வந்தது

எங்கள் ஊரில் ‘இஞ்ச நிக்காத’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. யுத்த காலத்தில் கந்தோர் வாசலிலும் முகாம் வாசலிலும் தார்ப் பீப்பாவும் மண்மூட்டையும் இருந்தன. அந்த வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேணும், நிறுத்தினால் துவக்கு திரும்பும். எங்கள் அம்மா அப்பாமார் அப்படித்தான் இளந்தாரிக் காலத்தைக் கழித்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. பீப்பாக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. ஆனால் கந்தோருக்கு முன்னால் இருக்கிற பொது நிலம் கந்தோருக்குச் சொந்தம், சனம் தள்ளி நிற்க வேணும் என்ற பழக்கம் போகவில்லை. பீப்பா நின்ற இடத்தில் இப்போது கயிறு நிற்கிறது.

பாதுகாப்புக் காரணம் சொல்லுவார்கள். அதையும் நாங்கள் லேசாக எடுக்கவில்லை. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஊர் இது. அந்த வாரத்தில் கவனிக்க ஆளில்லாமல் நின்ற மோட்டார் சைக்கிள் எல்லாம் சந்தேகத்துக்குரிய பொருளானது. வெள்ளவத்தையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பொலிசார் தாங்களே வெடிக்க வைத்தார்கள். வாகனத்தை விட்டிட்டுப் போகிறவர்கள் தொலைபேசி இலக்கத்தைத் தெரிகிற மாதிரி எழுதி வையுங்கள் என்று அறிவித்தார்கள். பயத்துக்கு நடுவிலும் அது ஒரு புத்தியான வேலை. உரியவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் அல்லவா?

அப்படியென்றால் சாதாரண நாளிலும் அதைச் செய்யலாமே. பைக்கில் இலக்கம் ஒட்டியிருந்தால், தூக்குவதற்கு முதல் ஒரு அழைப்பு எடுப்பதற்கு எவ்வளவு செலவு? பாதுகாப்புதான் கவலை என்றால், வாசலில் ஆள் இருந்து, துண்டு கொடுத்து, இலக்கம் பதிகிற ஒரு தரிப்பிடத்தை விடப் பாதுகாப்பு வேறு எது? சிதறி நிற்கிற நூறு பைக் பாதுகாப்பா, பதிந்து நிற்கிற நூறு பைக் பாதுகாப்பா?

நாங்கள் எதற்கு எதிர், எதற்கு இல்லை

எங்களைப் பார்த்துக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். “பைக்காரர்தான் நடைபாதை முழுக்க மறிச்சு விடுறாங்கள், வயசாளி ரோட்டில இறங்கி நடக்கணும், அம்புலன்ஸ் போகேலாது.” உண்மை. ஆஸ்பத்திரி வழியை மறித்து நிற்கிற பைக்கைத் தூக்கத்தான் வேணும், அது எங்கள் பைக்காக இருந்தாலும். பஸ் திரும்புகிற வளைவில், நடைபாதையில் விடுவதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. வேறு இடம் காட்டிய பிறகு தூக்குங்கள் என்றுதான் சொல்கிறோம். இடத்தையும் பூட்டி வைத்து, ரோட்டிலும் விடாதே என்றால் தலையில் தூக்கிக்கொண்டா பஸ் ஏறுவது?

ஒதுக்கீடே கூடாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஒதுக்க வேண்டியவர்களுக்கு ஒதுக்கவில்லை என்பதுதான் கோபம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொது இடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி செய்ய வேணும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. யுத்தத்தில் கால் போனவர்கள் எத்தனை குடும்பத்தில் இருக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மூன்று சில்லு ஸ்கூட்டரில் வருகிற ஒரு ஐயாவுக்கு வாசலோரம் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். உத்தியோகத்தர் பலகையைத் தேட வேண்டியதில்லை, தானே கண்ணில் படும். சக்கர நாற்காலி கீறின பலகையைத்தான் தேட வேணும்.

“சேருக்கு அவசர வேலை இருக்கும்” என்பது இன்னொரு வாதம். இருக்கட்டும். களத்துக்குப் போகிற ஜீப் வாசலில் நிற்க வேண்டிய தேவை எங்களுக்கு விளங்கும். ஆனால் காலையில் வந்து பின்னேரம் வரை அசையாமல் நிற்கிற கார் என்ன அவசரத்தில் நிற்கிறது? நாள் முழுக்க நிற்கப் போகிற வாகனம் நூறு மீற்றர் தள்ளி நிற்கலாம். நிழலுக்குள் நடந்து வர சேருக்கும் கால் இருக்கிறது.

மற்ற ஊர்களில்

இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றி ஓடுகிற பார்ட் ரயில் நிலையங்களில் மாதக் காசு கட்டியவர்களுக்கு ஒதுக்கின இடங்கள் உண்டு. ஆனால் அந்த ஒதுக்கீடு காலை 10 மணிவரைதான் என்று விதி வைத்தார்கள். பத்தைத் தாண்டியும் வெறுமையாக இருந்தால் யாரும் விடலாம். காசு கட்டினவருக்கே பத்து மணிவரை. எங்கள் ஊரில் ஒரு சதமும் கட்டாதவருக்கு நாள் முழுக்க, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்து ரயில் நிலையத்துக்குக் கீழே சுமார் 12,500 சைக்கிள் நிற்கிற தரிப்பிடம் 2019இல் முழுசாகத் திறந்தது. முதல் 24 மணித்தியாலம் இலவசம். பணக்கார நாடு என்று சொல்லித் தள்ளிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் சின்ன ஊர் ஸ்டேசனுக்குப் பக்கத்திலும் தகரக் கொட்டகை போட்ட ஒரு சைக்கிள் ஸ்டாண்ட் இருக்கும். ஒரு ஆள், ஒரு மேசை, ஒரு கட்டுத் துண்டு. கொஞ்சக் காசு கொடுத்து விட்டிட்டு றெயின் ஏறுகிறார்கள். எங்கள் நாட்டிலேயே கொழும்புக்கு வெளியில் மாகும்புரயில், அதிவேகப் பாதைக்குப் பக்கத்தில், 2019இல் பெரிய போக்குவரத்து நிலையம் கட்டினார்கள். காரை விட்டிட்டு பஸ் ஏற அங்கே இடம் இருக்கிறது. கார்க்காரருக்கு அங்கே விளங்கின விசயம் பைக்காரருக்கு இங்கே விளங்காமல் போனது ஏன்?

காசு கேட்டால் தருவோம். தரிப்பிடங்களைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதின பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். அவர் சொன்னது லேசான விசயம்: இலவசத் தரிப்பிடம் என்று ஒன்று கிடையாது, விடுகிறவர் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த வேறு யாரோ நாங்கள்தான். தகரக் கொட்டகையும் துண்டும் இருந்தால் நாளுக்கு ஒரு தேத்தண்ணிக் காசு கொடுக்க யாரும் பின்நிற்க மாட்டார்கள். அதே கணக்கில் ஒதுக்கின இடத்துக்கு ஜீப்பும் கட்டட்டும்.

கேட்பது எங்களுக்குத் தெரியும்

முதல் கேள்வி: யார் ஒதுக்கினது? மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் 1947ஆம் ஆண்டினது. ஒரு சபை உபவிதி போட்டால் அது வர்த்தமானியில் வர வேணும். கயிறு கட்டுகிறவர் வர்த்தமானி இல்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் ரெண்டு வருசம் கேட்க ஒரு உறுப்பினர்கூட இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தவர்களிடம் கேட்போம்.

வாயால் கேட்டால் “பாப்பம் தம்பி” என்றுதான் வரும். எழுதிக் கேட்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இந்த நாட்டுப் பிரஜை யாரும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேணும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. கேட்க வேண்டியவை இவை:

1. இந்த இடத்தை எந்த உபவிதி, எந்த வர்த்தமானியின் கீழ், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை ஒதுக்கினீர்கள்?
2. கடந்த வருசம் எத்தனை வாகனம் தூக்கினீர்கள்? அதில் மோட்டார் சைக்கிள் எத்தனை, அரச வாகனம் எத்தனை?
3. தூக்குகிற லொறி யாருடையது? சேதமானால் யார் பொறுப்பு?
4. அறவிட்ட தண்டப்பணம் எந்தக் கணக்குக்குப் போனது?
5. மாற்றுத்திறனாளிகளுக்கு எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

எங்கள் கோரிக்கையும் நீளமில்லை. பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் கிட்ட கூரையோடு இருசக்கர வாகனத் தரிப்பிடம், இரவு தங்குகிற பைக்குக்கும் சேர்த்து. ஒதுக்கின இடம் காலை ஒன்பது மணிக்கு வெறுமை என்றால் சனத்துக்குத் திறக்க வேணும். பலகையில் உபவிதி இலக்கமும் நேரமும் எழுதியிருக்க வேணும், இல்லாத பலகையைக் கழற்ற வேணும். தூக்க முதல் அழைப்பு, தூக்கின பிறகு அந்த இடத்திலேயே அறிவித்தல், கட்டின காசுக்குப் பற்றுச்சீட்டு.

படுவான்கரையிலோ எழுவான்கரையிலோ இருந்து இதை வாசிக்கிறவர்கள் மேலே இருக்கிற ஐந்து கேள்வியையும் ஒரு தாளில் எழுதி, பெயரும் முகவரியும் போட்டு, உங்கள் மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ கொண்டு போய்க் கொடுங்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்க மறக்க வேண்டாம். போகும்போது பைக்கை எங்கே விட்டீர்கள் என்பதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.